தெரியாது என்று எழுதுங்கள்

போன தை மாதம், தமிழ் மரபுத் திங்களை ஒட்டி எங்கள் நகரத்தில் ஒரு சிறிய கண்காட்சி நடந்தது. நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. நல்ல மனதோடு செய்தவர்கள். பனையோலை ஏடு, பாக்குவெட்டி, பித்தளைச் செம்பு, ஒரு பழைய தையல் இயந்திரம். இவற்றுக்கு நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கெரிஸ்: அலையலையாக வளைந்த அலகுடைய தென்கிழக்காசியக் குத்துவாள். கீழே அட்டையில் எழுதியிருந்தது: “சோழர் காலக் குத்துவாள். கடாரம். 11ஆம் நூற்றாண்டு.”

பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தகப்பன் மகனைத் தூக்கிக் காட்டி, “பார், எங்கட ஆக்கள் வைச்சிருந்த கத்தி” என்றார். நான் அட்டையை எழுதியவரைத் தேடிப் பிடித்தேன். இணைய ஏலத்தில் வாங்கினேன் என்றார். விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்று கேட்டேன். “தென்கிழக்காசியா, பழையது, ஐரோப்பியத் தனியார் சேகரிப்பிலிருந்து.” அப்படியானால் கடாரமும் சோழரும் எங்கிருந்து வந்தார்கள்? அவர் சிரித்தார். “அண்ணை, எல்லாம் ஒரு கணக்குத்தானே.”

எல்லாம் ஒரு கணக்கில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவரைக் கண்டிக்கும் தகுதி எனக்கு முழுதாக உண்டா என்பது வேறு கேள்வி. அதையும் மறைக்காமல் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ஜாவா, பாலி, மதுரா தீவு, சுலாவெசியின் பூகிஸ் மக்கள், சுமாத்திரா, மலாய்த் தீபகற்பம் என்று விரிந்த ஓர் உலகத்தின் ஆயுதம் கெரிஸ். அலகின் அடி ஒரு பக்கம் அகன்று சரிந்திருக்கும். நேரான அலகும் உண்டு, வளைந்ததும் உண்டு. வளைந்ததென்றால் வளைவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி, அடித்து, மடித்து, மீண்டும் அடித்து அலகு செய்கிறார்கள். அந்த அடுக்குகள் மேற்பரப்பில் நீரோட்டம்போல, மழைத்துளிபோல, மரத்தின் ரேகைபோலத் தெரியும். அந்த வேலைப்பாட்டின் பெயர் பாமோர். அதைச் செய்யும் கொல்லரை ஜாவாவில் எம்பு என்று மரியாதையோடு அழைக்கிறார்கள். ஒரு கெரிஸ் கைமாறும்போது கொடுக்கும் பணத்தை அங்கே பலர் விலை என்று சொல்வதில்லை, மஹர் என்கிறார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் அதே மஹர்தான். மலாய் வீடுகளில் அது புசாகா, தலைமுறை வழியாக இறங்கிவரும் சொத்து. இந்தோனேசியாவின் கெரிஸ் மரபை யுனெஸ்கோ 2005இல் அறிவித்து, 2008இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனிச் சோழருக்கு வருவோம். ராஜேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது 1025இல். இன்று நாம் கெரிஸ் என்று கண்டுகொள்ளும் வடிவத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் மஜபாகித் அரசின் காலத்தோடு, 14ஆம் நூற்றாண்டை ஒட்டி, வைத்துப் பேசுகிறார்கள். இடையில் முந்நூறு வருடம் கிடக்கிறது. மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. கப்பல் அங்கேயும் கப்பல்தான். கடை ‘கெடாய்’ ஆனது. பெட்டி ‘பெத்தி’ ஆனது. எல்லாம் வியாபாரிகள் விட்டுவந்த சொற்கள். கெரிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கடையும் பெட்டியும் கப்பலும் கொடுத்த பெருமை நமக்குப் போதாதா? ஒரு ஜாவாக் கொல்லரின் கைவேலைக்கு மேல் சோழனின் பெயரை ஒட்டினால், செய்தவரின் பெயர் திருட்டுப் போகிறது. அதைத் திருடினவர்கள் நாம்.

சோழக் கதை நம்மவர் சேர்த்தது. அதற்கு முன்பே விற்பவர் சேர்த்த கதைகள் வேறு இருக்கும். நான் பத்து வருடமாக இந்த ஏலப் பட்டியல்களைப் பார்த்துவருகிறேன். திரும்பத் திரும்ப அதே நாலைந்து கதைகள்தான். ஒன்று, ஒல்லாந்த அதிகாரியின் வாரிசுகள் விற்கிறார்கள். இரண்டு, சுல்தான் பரிசாகக் கொடுத்தது. மூன்று, அலகு நஞ்சில் தோய்த்தது. நான்கு, வானத்திலிருந்து விழுந்த இரும்பில் செய்தது. ஜாவாவில் பிரம்பனான் பக்கம் கிடைத்த விண்கல்லின் இரும்பைச் சுரகார்த்தா அரண்மனைக் கொல்லர்கள் எடுத்தாண்டது உண்மை. ஆனால் பாமோருக்குப் பயன்பட்ட நிக்கல் இரும்பில் பெரும்பகுதி சுலாவெசியின் லூவு போன்ற இடங்களிலிருந்து வந்தது. பிற்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த நிக்கலும் சேர்ந்தது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு கெரிஸும் விண்கல் என்றால் ஜாவாவில் மழைக்குப் பதில் கல்தான் பெய்திருக்க வேண்டும். நஞ்சுக் கதைக்கும் காரணம் உண்டு. பாமோர் தெரிவதற்காக அலகில் எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக்கும் கலந்து தடவுவார்கள். கருமை ஏறும் இரும்புக்கு நடுவில் நிக்கல் வெள்ளியாகத் துலங்கும். அழகுக்காகத் தடவியதைக் கொலைக்காகத் தடவியது என்று எழுதினால் விலை கூடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கெரிஸ் செத்துப்போன கலையல்ல. மதுரா தீவின் சுமெனெப் பக்கம் இன்றும் ஏராளமான கொல்லர்கள் கெரிஸ் அடிக்கிறார்கள். அவர்கள் செய்வது நேர்மையான தொழில். ஆனால் புதிய அலகை அரித்துப் பழசாக்கி, பழைய உறைக்குள் செருகி, ‘17ஆம் நூற்றாண்டு’ என்று சொல்லி விற்கிறவர்கள் கடல் கடந்த சந்தையில் இருக்கிறார்கள். நம் வீட்டு வரவேற்பறையில் தொங்கும் ‘சோழர் கத்தி’க்கு நம் பிள்ளைகளைவிட வயது குறைவாக இருக்கலாம்.

‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற சொற்றொடரைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். அது ஒன்றையும் சொல்லவில்லை. யாருடைய சேகரிப்பு, எந்த ஊர், எந்த ஆண்டு, எப்படிக் கிடைத்தது என்ற நாலு கேள்விக்கும் பதில் இல்லாத இடத்தை மூடுகிற துணி அது. நாம் அந்தத் துணியைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வாங்குகிறவர்கள் யார்? நடராசருக்காகக் கையெழுத்து வேட்டை நடத்தியவர்கள். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மனமார. பத்தூர் நடராசரின் கதையைக் கனடாவில் இருக்கிற நாம் மறக்கவே கூடாது. 1976இல் தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மண்வெட்டியில் பட்ட சிலை அது. தரகர்களிடம் கைமாறி லண்டனுக்குப் போனது. 1982இல் அதை வாங்கியது ஒரு கனடிய எண்ணெய்க் கம்பனி. விற்றவர் பொய்யான வரலாறு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு பாழடைந்த கோயிலின் சார்பில் வழக்காடலாம் என்று ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசரும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதற்கும் ஒரு கடதாசி இருந்தது: சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவி பல வருடங்களுக்கு முன் டெல்லியில் வாங்கியதாம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களில் அதே சிலை கோயிலுக்குள் நின்றது. 2014இல் அதுவும் திரும்பியது.

அந்தச் சூடான் கடதாசியைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம். “இதையும் ஒரு கலைக்கூடம் நம்பியதா?” என்று கேட்டோம். அதே வாயால், ஏலத் தளத்தில் ‘ஒல்லாந்த அதிகாரியின் குடும்பம்’ என்று படித்ததும் பொத்தானை அமுக்குகிறோம். நம் தெய்வத்துக்கு ஒரு நியாயம், இன்னொருவரின் புசாகாவுக்கு வேறு நியாயம் என்றால் அதற்கு நியாயம் என்ற பெயர் வேண்டாம். வேறு பெயர் வையுங்கள்.

நெதர்லாந்தின் லெய்டன் என்ற ஊரில் இந்த இரண்டு கதைகளும் சந்திக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்து வருவாயைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளுக்கு உலகம் வைத்த பெயர் லெய்டன் செப்பேடுகள். வைத்திருந்தவனின் ஊரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. அந்தப் பெயரைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தும். அதே லெய்டனின் இனவியல் அருங்காட்சியகத்தில்தான் ஜாவா இளவரசர் திப்போநெகோரோவின் கெரிஸும் கிடந்தது.

திப்போநெகோரோ ஒல்லாந்தருக்கு எதிராக 1825 முதல் 1830 வரை போராடியவர். பேச்சுவார்த்தைக்கென்று அழைத்து, 1830 மார்ச் 28இல் மகெலாங்கில் வைத்துப் பிடித்தார்கள். அவருடைய கெரிஸ் ஓர் ஒல்லாந்த அதிகாரி வழியாக 1831இல் அரசன் வில்லெமிடம் போய்ச் சேர்ந்தது. அரச விநோதப் பொருள் கூடத்தில் இருந்து, பிறகு 1883இல் லெய்டனுக்கு வந்தது. வந்த வழியில் கெரிஸும் அதன் கடதாசிகளும் பிரிந்துபோயின. கெரிஸ் ஒரு பக்கம், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லும் ஜாவாமொழிச் சாட்சிக் கடிதம் இன்னொரு பக்கம். அந்தக் கடிதத்தில் ஓவியர் ராடன் சாலே கைப்பட எழுதிய குறிப்பும் இருக்கிறது. ஒரு நாட்டின் வீரனுடைய ஆயுதம், எத்தனையோ ஆயுதங்களுக்கு நடுவில் பெயரில்லாத ஓர் ஆயுதமாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. கடதாசியும் பொருளும் மீண்டும் ஒன்று சேர்ந்த பிறகுதான், 2020 மார்ச்சில், அது இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகும், இதுதானா அது என்று இந்தோனேசியக் கெரிஸ் அறிஞர்களுக்குள் வாதம் நடந்தது. ஒரு துண்டுக் கடதாசி பிரிந்தால் வரும் வினை அவ்வளவு. உத்தியோகத்தர்களும் பதிவேடுகளும் இருந்த ஓர் அருங்காட்சியகத்துக்கே இந்தக் கதி என்றால், ஸ்காபரோவில் ஒரு நிலவறைப் பெட்டிக்குள் கிடக்கும் கெரிஸின் கதியை நினைத்துப் பாருங்கள்.

2023 ஜூலையில் நெதர்லாந்து இன்னும் 478 பொருட்களை இந்தோனேசியாவுக்கும் 6 பொருட்களை இலங்கைக்கும் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. இந்தோனேசியாவுக்குப் போனவற்றில் பாலியின் குளுங்குங் அரசோடு சேர்ந்த ஒரு கெரிஸும் உண்டு. 1908இல் அந்த அரசகுடும்பமும் குடிகளும் சரணடைய மறுத்து ஒல்லாந்தரின் துப்பாக்கிகளுக்கு முன்னால் நடந்து சென்று மாண்டார்கள். இலங்கைக்குப் போனவற்றில் 1765இல் ஒல்லாந்தக் கம்பனி கண்டியில் கொள்ளையிட்ட பீரங்கியும் வாள்களும் ஒரு கத்தியும் இருந்தன. ஆக, ஒரு குத்துவாளின் ‘வந்த வழி’ என்பது சேகரிப்பாளரின் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. சில வழிகளில் பிணங்கள் கிடக்கின்றன.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்தது, நமக்கென்ன” என்று சொல்லத் தோன்றும். நானும் சொல்லியிருக்கிறேன். 1811இல் ஆங்கிலேயர் ஜாவாவைப் பிடிக்கப் போனது இந்தியாவிலிருந்துதான். படைக்குத் தலைமை தாங்கிய சர் சாமுவேல் ஆக்மூட்டி சென்னைப் படையின் தளபதி. கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு சென்னை வழியாகவே போனார். அடுத்த வருடம், 1812 ஜூனில், யோக்யகார்த்தா அரண்மனையைத் தாக்கிச் சூறையாடினார்கள். ஜாவா மக்கள் அந்த நாளுக்கு வைத்த பெயர் ‘கெகெர் செபெஹி’: சிப்பாய்க் கலவரம். கோட்டைக்குள் புகுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் வங்காளப் படையினர். ஆனால் அரண்மனை நூலகத்தின் ஏடுகளில் பங்கு எடுத்துக்கொண்டவர்களில் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும்: கொலின் மெக்கன்சி. நம் ஊர்களின் கைபீதுகளையும் சுவடிகளையும் திரட்டிய அதே மெக்கன்சி. அவர் திரட்டிய தமிழ்ச் சுவடிகளைச் சென்னையில் வைத்துக்கொண்டு நாம் நன்றி சொல்கிறோம். அவரே கொண்டுபோன ஜாவா ஏடுகள் லண்டனில் இருக்கின்றன. பிரித்தானிய நூலகம் யோக்யகார்த்தா ஏடுகளில் 75ஐ மின்படியாக்கி 2019இல் சுல்தானிடம் கொடுத்தது. படிகளைத்தான் கொடுத்தது, ஏடுகளை அல்ல. ஒரே மனிதர் ஓரிடத்தில் காப்பாளர், இன்னோரிடத்தில் கொள்ளையில் பங்காளி. நாமும் இரண்டுமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

இனி என் வீட்டுக் கெரிஸ்.

என் அப்பப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். பென்சன் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பியபோது ஊரில் அவரை ‘மலாயன் பென்சனியர்’ என்றுதான் சொல்வார்கள். அவரோடு ஒரு கெரிஸும் வந்தது. ஏழு வளைவு அலகு. பிடி, குளிரில் குறுகிக் கைகட்டிக் குந்தியிருக்கும் மனிதனைப் போல. அந்தப் பிடிக்கு மலாயில் ‘ஜாவா டெமாம்’ என்று பெயர், காய்ச்சல்கார ஜாவாக்காரன். 1973இல் பெரியப்பா லண்டனுக்குப் படிக்கப் போனபோது அதைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார். அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. கதையும் கூடவே வந்தது: ஒரு சுல்தான், அப்பப்பாவின் நேர்மையை மெச்சிப் பரிசாகக் கொடுத்தது.

நான் அந்தச் சுல்தானை எத்தனை மேடையில் ஏற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். நூலகத்தில் நடந்த மரபுக் கூட்டத்தில் சொன்னேன். சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் இருக்கும் மாமியைப் பார்க்கப் போனேன். அப்பப்பாவின் பெண்மக்களில் மூத்தவ அவதான். கலியாணம் கட்டி அங்கேயே இருந்துவிட்டவ. அப்போது எண்பத்தைந்து வயது. கெரிஸின் படத்தைக் காட்டி, “இது எந்தச் சுல்தான் மாமி?” என்று கேட்டேன்.

“சுல்தானும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை,” என்றா மாமி. “சப்பான்காரன் காலத்தில அரிசிக்கு வாங்கினது. பக்கத்துக் கம்பத்தில இருந்த மலாய்க்காரர் ஒருத்தர். அவற்ற பெண்சாதி எங்கட வாசல்ல நிண்டு அழுதவ. அதுதான் எனக்கு ஞாபகம். பெயர் ஞாபகமில்லை, தம்பி.”

1942க்கும் 1945க்கும் இடையில், வாழைமர நோட்டுக்கு மதிப்பில்லாமல் போய், சனம் மரவள்ளிக்கிழங்கு தின்ற காலம். தோட்டத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதையில் செத்துக்கொண்டிருந்த காலம். ரயில்வே வேலையில் இருந்ததால் எங்கள் வீட்டில் கொஞ்சம் அரிசி இருந்ததாம். அப்பப்பா கொள்ளையடிக்கவில்லை. அரிசி கொடுத்தார், அந்த வீட்டில் அன்றைக்கு உலை கொதித்திருக்கும். ஆனாலும் அது ஒரு புசாகா. பசி இல்லாவிட்டால் வாசலைத் தாண்டியிருக்காது. அதை நாங்கள் சுல்தானாக மாற்றினோம். அழுதுகொண்டு நின்ற ஒரு பெண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் கிரீடம் வைத்த ஓர் ஆளை நிறுத்தினோம். கண்காட்சிக்காரர் ஒட்டிய சோழனுக்கும் நான் ஒட்டிய சுல்தானுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

இதை ஏன் நாம் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்றால், வாசலின் மறுபக்கத்திலும் நாம் நின்றிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு இறங்கியபோது எங்கள் வீட்டார் எடுத்துக்கொண்டது காணி உறுதியும் சில படங்களும்தான். திரும்பிப் போனபோது கதவு நிலைகூட இல்லை. அம்மாவின் சீதனக் குத்துவிளக்குச் சோடி எங்கே இருக்கிறதென்று தெரியாது. யாரோ ஒருவரின் வரவேற்பறையில் இருக்கலாம். அதன் கீழே ‘இலங்கை, பழையது, தனியார் சேகரிப்பு’ என்று ஓர் அட்டை இருக்கலாம். அந்த அட்டையை எழுதியவருக்கு நாம் என்ன சொல்ல விரும்புவோமோ, அதை நமக்கு நாமே முதலில் சொல்லிக்கொள்வோம்.

என்னிடம் வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்புகள் நாலு.

“அவர்களே விற்றார்கள்.” உண்மை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கும் கெரிஸ்களில் ஏராளமானவை விலைக்கு விற்கப்பட்டவை, அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டவை, பயணிகளுக்கென்றே செய்யப்பட்டவை. எல்லாம் கொள்ளை என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பு என்றும் சொல்லவில்லை. டெல்ஃப்ட் நகரத்து நுசந்தாரா அருங்காட்சியகம் 2013இல் மூடப்பட்டபோது, அதன் பொருட்களில் பெரும்பகுதியை இந்தோனேசியாவுக்கே கொடுக்க முன்வந்தார்கள். இந்தோனேசியா அப்படியே வாங்கிக்கொள்ள மறுத்தது. கடைசியில் 1,500 பொருட்களைத் தெரிந்து எடுத்தது. திருப்பிக் கொடுப்பது வேறு, குப்பை கொட்டுவது வேறு. ஆனால் விற்றதா, பசியில் விற்றதா, பிணத்திலிருந்து உருவியதா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால், வந்த வழி தெரிய வேண்டும். “அவர்களே விற்றார்கள்” என்று சொல்கிறவர் அதை எந்தக் கடதாசியைப் பார்த்துச் சொல்கிறார்?

“நாங்கள் வாங்கியிருக்காவிட்டால் துருப்பிடித்துப் போயிருக்கும்.” நம் செப்புத் திருமேனிகளைப் பற்றி மேற்கத்திய அருங்காட்சியகங்கள் சொன்ன அதே வசனம். அப்போது நமக்குக் கோபம் வந்தது. சரி, நாம் எப்படிக் காப்பாற்றினோம்? என் பெரியப்பா லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உப்புத்தாளும் பித்தளை மினுக்கும் பசையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, அந்த அலகை எவர்சில்வர் கரண்டிபோலப் பளபளக்க வைத்தார். பாமோர் போய்விட்டது. ஒரு கொல்லர் மாதக்கணக்கில் மடித்து மடித்து அடித்த ரேகைகளை, பல தலைமுறை கழுவித் தடவிக் காத்த கருமையை, ஒரே மத்தியானத்தில் வழித்தெடுத்துவிட்டார். அன்பினால்தான் செய்தார்.

“சில நூறு டொலர்ப் பொருளுக்கு இவ்வளவு பேச்சா?” அம்மாவின் குத்துவிளக்கும் அவ்வளவுதான் பெறும்.

“யாரிடம் கொடுப்பது?” நேர்மையான கேள்வி இது ஒன்றுதான். பல நேரங்களில் கொடுக்க ஆள் இருக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் கொடுக்க ஆளில்லை என்பதால் பொருள் நம்முடையதாகிவிடாது. அப்போது நாம் காவல்காரர். காவலுக்கும் சில கடமைகள் உண்டு.

முதற்கடமை, கடதாசி இல்லாமல் இனி வாங்காமல் இருப்பது. யுனெஸ்கோவின் பண்பாட்டுச் சொத்து உடன்படிக்கை 1970இல் வந்தது. மலேசியாவின் மரபுரிமைச் சட்டம் 2005இலும் இந்தோனேசியாவின் பண்பாட்டு மரபுச் சட்டம் 2010இலும் வந்தன. மரபுப் பொருளாகக் கொள்ளப்படும் பழையவற்றை அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை அவை தடுக்கின்றன. “1970க்கு முன்பே வெளியே வந்தது” என்று விற்பவர் சொன்னால், எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய விற்பனைச் சீட்டு, கடிதம், படம் எதுவுமில்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடி யானைத் தந்தமென்றால் சட்டம் வேறு விதமாகவும் வந்து கதவைத் தட்டும்.

இரண்டாவது, கைவைக்காமல் காப்பது. உப்புத்தாள், அமிலம், மினுக்குப் பசை எதுவும் வேண்டாம். அலகில் ஆர்சனிக் எச்சம் இருக்கக்கூடும். கையுறை போடுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஈரமில்லாத இடம், துணியில் தொட்டு மெல்லியதாக ஒரு பூச்சுக் கனிம எண்ணெய், அவ்வளவு போதும். பிடி இறுகியிருந்தால் முறுக்கிக் கழற்றாதீர்கள். பிடி, வளையம், உறை எல்லாவற்றையும் ஒன்றாகவே வையுங்கள். அழகான உறையை இன்னொரு கெரிஸுக்கு மாற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் பழைய துண்டுச் சீட்டு, எண், நூல் எதையும் பிய்க்காதீர்கள். பாமோரை மீட்க வேண்டுமென்று ஆசையிருந்தால் அது தெரிந்தவரிடம் போங்கள். ஜாவாவில் சூரோ மாதத்தில் கெரிஸ்களைக் கழுவிப் பேணும் வழக்கம் இன்றும் நடக்கிறது. நம் ஆயுதபூசை நினைவுக்கு வரும். வரட்டும். நினைவுக்கு வருவதெல்லாம் நம்முடையதாகிவிடாது.

மூன்றாவது, எழுதி வைப்பது. இரு பக்கமும் அளவுகோலோடு படம் எடுங்கள். நீளம், எடை, வளைவு எண்ணிக்கை, பழுது எல்லாவற்றையும் குறியுங்கள். யாரிடமிருந்து, எப்போது, என்ன கொடுத்து வந்தது என்று எழுதுங்கள். குடும்பத்தில் வயதானவர்கள் இருக்கிறபோதே கேளுங்கள். மாமி இப்போது இல்லை. கேட்ட கதையை, யார் சொன்னது என்ற பெயரோடு, ‘கேள்வி’ என்றே எழுதுங்கள். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதுங்கள். அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட்டுத்தான் நாம் சோழனையும் சுல்தானையும் கூப்பிடுகிறோம். பிறகு அந்தப் படத்தையும் குறிப்பையும் வெளியே போடுங்கள், அந்த மண்ணின் ஆட்கள் பார்க்கிற இடத்தில். யாராவது வந்து “இது எங்களுடையது” என்று காரணத்தோடு சொன்னால் காது கொடுங்கள். காரணம் சரியென்றால் கையும் கொடுங்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பெட்டிகள் உங்களிடம்தான் வரும். அவற்றோடு எங்கள் கதைகளும் வரும். பொருளைக் கவனமாக எடுங்கள். கதையை அதைவிடக் கவனமாக எடுங்கள். நாங்கள் பொய் சொல்லியிருப்போம், பல நேரம் தெரியாமலே.

என் வீட்டுக் கெரிஸின் அட்டையை நான் மாற்றி எழுதிவிட்டேன். அதை அப்படியே இங்கே தருகிறேன். கண்காட்சி நண்பருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன்.

“கெரிஸ். ஏழு வளைவு. பிடி ஜாவா டெமாம் வகை. செய்தவர் பெயர், ஊர், காலம் தெரியாது. மலாயாவில், 1942க்கும் 1945க்கும் இடையில், ஒரு மலாய்க் குடும்பத்திடமிருந்து அரிசிக்கு வாங்கப்பட்டது. விற்றவர் பெயர் தெரியாது. விற்றபோது அந்த வீட்டுப் பெண் அழுதார். இது வாங்கியவரின் மகள் சொன்னது. அலகின் பாமோர் எங்கள் குடும்பத்தவர் ஒருவரால் லண்டனில் தேய்த்து அழிக்கப்பட்டது. இதைச் சுல்தானின் பரிசு என்று நாங்கள் பல வருடம் சொல்லிவந்தோம். அது உண்மையல்ல.”